பாரதியார் நூல்களும் பொதுவுரிமையும்

பாரதியார் என்னும் பெயரைக் கேட்டறியாத தமிழர் இலர். ஆயினும், அவர் நூல்கள் யாருக்கு உரியன என்னும் வினா எவ்வாறு எழுந்து எவ்வாறு முடிவுற்றது என்பதை அறிந்தார் நம்முள் சிலரே. அதனை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுந்தோம்.

சுப்பிரமணிய பாரதியார் 1882-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 11-ஆம் நாள் எட்டயபுரத்திற் பிறந்தார். தந்தையார் சின்னசாமி ஐயர் அவ்வூரிற் பஞ்சாலை ஒன்று நிறுவிப் பொருளிழந்து, 1898-இல் மறைந்தார். பஞ்சையும் நூலையும் நம்பி வாழும் வீரபாண்டியினராகிய நமக்கு அத்துன்பம் எளிதில் விளங்கும். அன்று தொட்ட வறுமை கவிஞரை இறுதிவரை விட்டகலவில்லை.

1904-இல் அவர் சென்னையிற் சுதேசமித்திரன் பத்திரிகையில் அமர்ந்தார். 1907-இல் வி. கிருஷ்ணசாமி ஐயர், அரசியற் கொள்கையால் வேறுபட்டவராயினும், அவருடைய பாடல்கள் மூன்றினை 15,000 படிகள் அச்சிட்டு இலவசமாக வழங்கினார். 1908-இல் அரசாங்கத்தின் அடக்குமுறைக்குத் தப்பிப் புதுவை சென்ற பாரதியார் பத்தாண்டு அங்கே வாழ்ந்தார்.

1920-இல் அவர் ஒரு பெருந்திட்டம் வகுத்தார். தம் எழுத்துக்களை நாற்பது நூல்களாகப் பகுத்து, நூலொன்றுக்குப் பதினாயிரம் படிகள் அச்சிட்டு, தீப்பெட்டி விற்பதுபோல் எளிதாக விற்கக் கருதி, நண்பரிடம் கடனுதவி வேண்டினார். பொருள் சேராமையால் அஃது ஈடேறவில்லை. தம் நூல் எல்லார் கையிலும் சேரவேண்டும், அதனால் தம் குடும்பமும் உண்ணவேண்டும் என்னும் இரண்டு விருப்பமும் அவர்பால் ஒருங்கே இருந்தன என்பது இதனாற் புலனாம்.

1921-இல் நம் பகுதிக்கு அணித்தான ஈரோட்டில், கருங்கல்பாளையம் வாசகசாலையிற் சொற்பொழிவாற்றினார். அவ்வாண்டு செப்டம்பரில் திருவல்லிக்கேணியில் உயிர் நீத்தார்.

அதன்பின் மனைவியார் செல்லம்மாள் நூல்களை வெளியிட முயன்றார். பின்னர் அச்சுரிமை கவிஞரின் தம்பியார் விசுவநாதனிடம் சேர்ந்தது. பாடல்களை ஒலிபரப்பும் உரிமையோ தனியே விலைபோய், முடிவில் படத்தயாரிப்பாளர் ஏ. வி. மெய்யப்பனிடம் வந்தது. 1948-இல் டி. கே. எஸ். சகோதரர்களின் பில்ஹணன் படத்தில் இடம்பெற்ற பாரதி பாடலால் உரிமைப் பிணக்கு மூண்டது. நாரண துரைக்கண்ணன் முதலிய எழுத்தாளர் பாடல்களை விடுவிக்கக் கிளர்ச்சி செய்தனர். 1949-இல் சென்னை அரசாங்கம் உரிமையை ஏற்றது. மெய்யப்பன் தம் உரிமையை விலையின்றி அளித்தார்; கவிஞரின் குடும்பத்தார்க்கோ பொருள் வழங்கப்பட்டது. 1955-இல் நூல்கள் மக்கள் அனைவர்க்கும் பொதுவாயின. அன்றைய சட்டத்தின்படி, ஆசிரியர் மறைந்து ஐம்பதாண்டு கழியும்வரை, அஃதாவது 1971 வரை, அவை தனியுடைமையாகவே இருந்திருத்தல் கூடும்.

இன்று மதுரைத் திட்டம் முதலிய மின்னூலகங்களிற் பாரதியார் நூல்களை எவரும் பொருளின்றிப் படிக்கலாம். இரவு வேலை முடித்து வரும் பனியன் தொழிலாளியும் தம் கைப்பேசியில் அவற்றைக் காணலாம். எனினும், இதனைக் கண்டு, எல்லா நூலையும் இசைவின்றிப் படியெடுக்கலாம் என்று துணிதல் தகாது. இப்போதைய இந்தியச் சட்டம் ஆசிரியர் மறைந்தபின் அறுபதாண்டு உரிமை தருகின்றது. அக்காலம் மிக நீண்டதென்பார் கூற்றிலும் உண்மையுண்டு. ஆயினும் தைத்தவர்க்குக் கூலி தராமல் ஆடையைத் தானம் செய்வது அறமாகாது. புலவர்க்குரியதை அளித்தபின் புலமையைப் பொதுவாக்குக என்பதே பாரதியார் நூல்களின் வரலாறு நமக்குக் காட்டும் நெறி. வாழும் எழுத்தாளர் திறத்தும் அந்நெறி நிற்றல் கற்பார் கடனாகும்.