வலி தணித்த வள்ளல் நாகேசுவர ராவ்

மயிலாப்பூர் லஸ் சர்ச் சாலையில் மரநிழல் சூழ்ந்த நாகேசுவர ராவ் பூங்காவைச் சென்னைவாசிகள் அறிவர். அங்கு நாள்தோறும் நடை பயில்வோரிடம் அப்பெயருக்குரியவர் யாரென வினவினால், விடை கூறுவோர் சிலரே. ஆயினும் அவர் ஆக்கிய அமிர்தாஞ்சனத்தை அறியாத இல்லம் தமிழகத்தில் உண்டோ? பொருள் நிலைத்துப் பெயர் மறைந்த இம்மனிதரைப் பற்றி நம் மாணவர்க்குச் சில கூற விழைகிறோம்.

காசிநாதுனி நாகேசுவர ராவ் 1867 மே முதல் நாள் கிருஷ்ணா மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தார். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்று பட்டம் பெற்றார். அக்கல்லூரி அந்நாளில் தாம்பரத்தில் இல்லை. ஜார்ஜ் டவுனில் இருந்தது. பட்டதாரிகள் அரசு ஊழியத்தையே பெரும்பேறாகக் கருதிய காலத்தில் அவர் வணிகத்தை நாடிக் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் சென்றார். பம்பாயில் 1893 ஆம் ஆண்டு அமிர்தாஞ்சனத்தைத் தோற்றுவித்தார். இசைக் கச்சேரிகளுக்கு வந்தோரிடையே அதனை இலவசமாக வழங்கியே மக்களிடம் பரப்பினார். விளம்பரக் கலை இன்று பாடமாகிவிட்டது. அன்று அவருக்கு அதனைக் கற்பித்தவர் எவருமிலர்.

கற்பூரமும் மென்தாலும் நறுமண எண்ணெய்களும் கலந்த அத்தைலத்தை நெற்றியில் தடவினால் வலி தணிவது ஏன்? இது வெறும் மனப்பிரமை என்பாரும் உளர். அவர் கூற்றை நாம் ஏற்பதற்கில்லை. உடலில் அடிபட்ட இடத்தில் திசுக்கள் புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருளைச் சுரக்கின்றன. உணர்வு நரம்புச் செல்களின் மீது அதற்கெனவே ஏற்பிகள் அமைந்துள்ளன. அப்பொருள் ஏற்பியில் பொருந்தியதும் செல்லின் உள்ளே ஒரு வேதிச் செய்தி எழுகிறது. அச்செய்தி நரம்பின் சோடியம் வாயில்கள் எளிதில் திறக்கும்படி செய்கிறது. புரோஸ்டாகிளாண்டின் தானே பெருவலி தருவது அரிது. வலியை உணரும் வரம்பையே அது தாழ்த்திவிடுகிறது. அதனாலன்றோ நசுங்கிய விரலில் ஆடை உரசினும் நாம் துடிக்கிறோம்!

மென்தாலுக்கோ வேறோர் ஏற்பி உண்டு. குளிர்ச்சியை அறியும் நரம்பு நுனிகளை அது தூண்ட, அவ்வுணர்வு வலியைப் பின்னுக்குத் தள்ளுகிறது. இத்தகைய தைலங்களில் சேரும் விண்டர்கிரீன் எண்ணெய் ஆஸ்பிரினுக்கு உறவுடையது. ஆஸ்பிரின் புரோஸ்டாகிளாண்டின் உருவாவதையே தடுக்கிறது என ஜான் வேன் 1971 இல் நிறுவினார்; 1982 இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். புரோஸ்டாகிளாண்டினுக்கு அப்பெயர் இடப்பட்டதே 1935 இல்தான். அமிர்தாஞ்சனமோ அதற்கு நாற்பத்திரண்டு ஆண்டுகள் மூத்தது. காரணம் அறியாமலே பயன் கண்ட கைம்மருந்து அது. ஆயினும் தைலம் வலியைத் தணிக்குமேயன்றி நோயை நீக்காது. நாள்பட்ட தலைவலிக்குத் தைலத்தையே நம்பியிருக்கும் பெரியோர் மருத்துவரை நாடுதல் வேண்டும். கற்பூரம் கலந்த எதுவும் குழந்தைகளின் வாய்க்கு எட்டலாகாது.

வலி தணித்து ஈட்டிய பொருளை அவர் எங்கே கொட்டினார்? எழுத்திலும் நாட்டிலும்! 1908 இல் பம்பாயில் ஆந்திர பத்திரிகா வார இதழைத் தொடங்கினார். 1914 இல் சென்னைக்கு வந்து அதனை நாளிதழாக்கினார். 1924 இல் பாரதி என்னும் இலக்கியத் திங்களிதழும், பின்னர் ஆந்திர கிரந்தமாலை என்னும் நூல் வரிசையும் தோன்றின. மொழித்துறையினராகிய நமக்கு இச்செயல் தைலத்தினும் பெரிதெனத் தோன்றுகிறது. தாய்மொழிக்குச் செல்வத்தை இவ்வாறு வாரி வழங்கிய வணிகர் எத்தனை பேர்?

1930 இல் உப்பு அறப்போரில் ஈடுபட்டுச் சிறை புகுந்தார். மக்கள் அவரைத் தேசோத்தாரகர் என அழைத்தனர். மயிலாப்பூரில் ஸ்ரீபாக் என்னும் அவர் இல்லத்தில்தான் 1937 நவம்பர் 16 அன்று கடலோர ஆந்திரத் தலைவர்களும் இராயலசீமைத் தலைவர்களும் கூடி உடன்பாடு கண்டனர். ஒரு மாநிலத்தின் பிறப்புக்கு முன்னுரை எழுதப்பட்டது நம் சென்னை வீட்டுக்கூடம் ஒன்றில் என்பதை எண்ணுங்கால் வியப்பு மேலிடுகிறது.

அடுத்த ஆண்டு ஏப்ரல் 11 அன்று அவர் மறைந்தார். தொழிலையும் இதழையும் மருமகன் சிவலெங்க சம்பு பிரசாத் ஏற்று நடத்தினார். ஆந்திர பத்திரிகா 1991 இல் நின்றது. தைலம் இன்றும் விற்பனையாகிறது.