நிழலைக் காணாத விதைப்பாளர்

1895இல் பீமவரத்தில் பிறந்த எல்லப்பிரகத சுப்பாராவ், மூன்றாம் முயற்சியில்தான் பள்ளி இறுதித் தேர்வில் தேறினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் கதராடை அணிந்ததால் பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்தை இழந்து எல்.எம்.எஸ். சான்றிதழே பெற்றார். அவருடைய சகோதரரை ஸ்ப்ரூ என்னும் குடல்நோய் பறித்துக்கொண்டது.

அமெரிக்கா சென்ற அவர் 1940இல் லெடர்லே ஆய்வகத்தில் சேர்ந்தார். 1945இல் அவருடைய குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. ஸ்ப்ரூ நோயைத் தணிக்கும் அந்த உயிர்ச்சத்து, சகோதரருக்குத்தான் எட்டவில்லை.

புற்றணுக்கள் பெருகவும் ஃபோலிக் அமிலம் தேவை. எனவே, அதைப் போலவே அமைந்து அணுக்களை ஏமாற்றும் அமினோப்டெரினை அக்குழு உருவாக்கியது. அதைக் கொடுத்ததும் இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகள் சிலர் தேறியதை 1948இல் பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பர் அறிவித்தார். ஆனால், சில மாதங்களில் நோய் திரும்பியது. அவ்வாண்டே சுப்பாராவும் 53ஆம் வயதில் மறைந்தார்.

ஒரு மருந்துக்குத் தப்பும் அணுவை இன்னொரு மருந்து மடக்கும். பின்னாளில் பல மருந்துகள் கைகோத்தே பெரும்பாலான குழந்தைகளைக் காப்பாற்றின. அமினோப்டெரினின் உறவான மெத்தோட்ரெக்சேட்டும் அவற்றுள் ஒன்று. 2017இல் இரு மருந்துகளை ஒரே கொழுப்புக் குமிழிக்குள் அடைத்த லிப்போசோம் மருந்தும் ஒருவகை இரத்தப் புற்றுநோய்க்காக அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

நண்பர்களே, மும்முறை தேர்வெழுதியவர் ஊன்றிய விதை இது. நம் தேர்வு முடிவுகளைக் கையில் வாங்கும்போது அவரை நினைத்துக்கொள்வோம்.