டிஸ்குவான்டம்: திரும்பி வந்தப்போ ஊரே இல்லை

'ஃபிரெண்ட்ஸ்' சீரிஸ் பார்த்தவங்களுக்கு தேங்க்ஸ்கிவிங் எபிசோடு தெரியாம இருக்காது. மேஜை நடுவுல ஒரு வான்கோழி, சுத்தி உட்கார்ந்து ஆறு பேர் சண்டை. அந்தப் பண்டிகைக்குப் பின்னாடி அமெரிக்கப் பள்ளிக்கூடங்களில் சின்னப் பசங்களுக்குச் சொல்ற ஒரு கதை இருக்கு. கப்பலில் வந்த ஆங்கிலேயர்கள் பசியில் செத்துக்கிட்டு இருந்தாங்க. ஸ்குவான்டோ என்ற ஒரு நல்ல பூர்வகுடி மனுஷர் காட்டுக்குள்ள இருந்து வந்தார். மக்காச்சோளம் போடக் கத்துக்கொடுத்தார். எல்லாரும் சேர்ந்து விருந்து சாப்பிட்டாங்க. சுபம்.

கதை நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க. 1621-ல் காட்டுக்குள்ள இருந்து வந்த அந்த மனுஷருக்கு ஆங்கிலம் எப்படித் தெரிஞ்சது?

அதுக்குப் பதில் தேடினா, நீங்க கேட்ட கதை அப்படியே தலைகீழா மாறிடும்.

விடியலின் மக்கள்

அவருடைய பெயர் டிஸ்குவான்டம். ஸ்குவான்டோ என்பது ஆங்கிலேயர்கள் சுருக்கிக் கூப்பிட்டது. ஊர் பட்டுக்செட். இன்றைய மாசசூசெட்ஸ் மாநிலத்தில், அட்லாண்டிக் கடலோரத்தில் இருந்த ஊர். அங்கே வாழ்ந்தவங்க வாம்பனோக் மக்கள். கிழக்குக் கரையில், சூரியன் முதலில் எட்டிப் பார்க்கிற இடத்தில் இருந்ததால், அந்தப் பெயருக்கு விடியலின் மக்கள் என்று அர்த்தம் சொல்றாங்க.

அமெரிக்கான்னா அப்போ வெறும் காடுன்னு நினைச்சுடாதீங்க. வாம்பனோக் மக்களுக்கு ஊர்கள் இருந்தன, வயல்கள் இருந்தன, சாச்சம் எனப்படும் தலைவர்கள் இருந்தாங்க. கோடையில் கடலோரத்தில் விவசாயமும் மீன்பிடிப்பும், குளிர்காலத்தில் உள்ளே தள்ளிப் போய் வேட்டை. மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி மூணையும் ஒரே மண்மேட்டில் விதைப்பாங்க. சோளத்தண்டைப் பிடிச்சு பீன்ஸ் கொடி ஏறும். பீன்ஸ் வேர் மண்ணுக்கு நைட்ரஜன் சேர்க்கும். பூசணி இலை தரையை மூடி ஈரத்தைக் காப்பாத்தும், களையையும் அடக்கும். நாம செமஸ்டர் கணக்கில் படிக்கிற சிஸ்டம் டிசைனை அவங்க வயலிலேயே செஞ்சு வச்சிருந்தாங்க.

மீனுக்கும் தோலுக்கும் ஐரோப்பியக் கப்பல்கள் அந்தக் கரைக்கு ஏற்கெனவே வந்து போய்க்கிட்டு இருந்தன. அதில் ஒண்ணுதான் டிஸ்குவான்டத்தின் வாழ்க்கையை மாத்தியது.

இருபத்தேழு பேர்

1614. கேப்டன் ஜான் ஸ்மித் (போகஹொன்டாஸ் கதையில் வருவாரே, அவரேதான்) இரண்டு கப்பல்களோட அந்தக் கரைக்கு வந்தார். கரையை வரைபடமா வரைஞ்சு, அந்தப் பகுதிக்கு நியூ இங்கிலாந்து என்று பெயரும் வச்சார். அவர் கிளம்பின பிறகு, இரண்டாவது கப்பலின் கேப்டன் தாமஸ் ஹன்ட் மீன் ஏத்திக்கிட்டு ஸ்பெயினுக்குப் போகணும். அதுதான் அவருக்குக் கொடுத்த வேலை.

ஹன்ட் மீனோட நிறுத்தல. வியாபாரம் பேசலாம்னு ஆசை காட்டி, பட்டுக்செட்டில் இருபது பேரையும், பக்கத்து நாசெட் மக்களில் ஏழு பேரையும் கப்பலில் ஏத்தி அடைச்சார். ஸ்பெயினின் மாலகா துறைமுகத்தில் அடிமைகளா விற்க ஆரம்பிச்சார். அங்கிருந்த கிறிஸ்தவத் துறவிகள் தலையிட்டு, விற்காம மிச்சம் இருந்தவங்களைத் தங்கள் பொறுப்பில் எடுத்துக்கிட்டாங்க.

அங்கிருந்து டிஸ்குவான்டம் லண்டன் வந்து சேர்ந்தார். கார்ன்ஹில் பகுதியில், ஜான் ஸ்லேனி என்ற வியாபாரியின் வீட்டில் தங்கினார். ஸ்லேனி, நியூஃபவுண்ட்லாந்து கம்பெனியின் பொருளாளர். ஆங்கிலம் அவருக்கு வந்தது இந்த வழியாத்தான்.

நாம ஆங்கிலம் படிச்சது மார்க்குக்கு, இன்டர்வியூவுக்கு. அவருக்கு அந்த மொழி மட்டும்தான் வீட்டுக்குப் போற வழி. அமெரிக்கா போற கப்பல் ஆங்கிலேயர்களோடது. அவங்களுக்குத் தான் பயன்படுவேன்னு காட்டினாத்தான் அதில் இடம் கிடைக்கும்.

அப்படித்தான் நியூஃபவுண்ட்லாந்து வரைக்கும் வந்தார். அதே கண்டம்தான், ஆனா சொந்த ஊர் இன்னும் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தெற்கே. அங்கே தாமஸ் டெர்மர் என்ற கேப்டன் அவரைப் பார்த்து, வியாபாரத்துக்கு இவர் உதவுவார்னு புரிஞ்சுக்கிட்டு, திரும்ப இங்கிலாந்துக்குக் கூட்டிட்டுப் போனார். அங்கிருந்து 1619-ல் மறுபடியும் கப்பல். நாலு தடவை அட்லாண்டிக்கைக் கடந்து, அஞ்சு வருஷம் கழிச்சு, டிஸ்குவான்டம் பட்டுக்செட் கரையில் இறங்கினார்.

ஊரில் யாருமே இல்லை.

1616-க்கும் 1619-க்கும் நடுவுல ஐரோப்பியக் கப்பல்கள் வழியா வந்த ஒரு தொற்றுநோய் அந்தக் கடலோரத்தையே துடைச்சுப் போட்டிருந்தது. அது எந்த நோய் என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் வாதாடிக்கிட்டு இருக்காங்க. அந்த மக்களுக்கு அதை எதிர்க்கும் சக்தி உடம்பில் இல்லை. பல ஊர்களில் செத்தவங்களைப் புதைக்கக்கூட ஆள் மிஞ்சல. பட்டுக்செட்டில் வயல்கள் மட்டும் புல் மண்டிக் கிடந்தன. அவரைக் கடத்தின கொடுமைதான் அவர் உயிரைக் காப்பாத்தியிருக்கு. இதை ஒரு மனுஷன் எப்படி ஜீரணிச்சிருப்பார்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க.

அந்த நிலத்தில் புது ஊர்

அடுத்த வருஷம், 1620 டிசம்பரில், மேஃபிளவர் கப்பலில் வந்தவங்க குடியேற இடம் தேடி அதே கரைக்கு வந்தாங்க. கிளம்பும்போது பயணிகள் 102 பேர். ஏற்கெனவே மரம் வெட்டித் திருத்தின நிலம், பக்கத்திலேயே நல்ல தண்ணி ஓடை. கடவுள் தங்களுக்காகக் காலி பண்ணி வச்ச இடம்னு நம்பினாங்க. ஸ்மித்தின் வரைபடத்திலேயே அந்த இடத்துக்கு பிளைமவுத் என்று பெயர் மாத்தி அச்சடிச்சாச்சு. டிஸ்குவான்டத்தின் ஊர் மேலதான் பிளைமவுத் எழுந்தது.

முதல் குளிர்காலத்திலேயே வந்தவங்களில் பாதிப் பேர் செத்துப்போனாங்க. மார்ச் 16, 1621-ல் சமோசெட் என்பவர் தைரியமா அவங்க குடியிருப்புக்குள்ள நடந்து வந்து ஆங்கிலத்தில் வணக்கம் சொன்னார். மீனவர்களிடம் கத்துக்கிட்ட அரைகுறை ஆங்கிலம். மார்ச் 22-ல் அவரோட டிஸ்குவான்டம் வந்தார். அன்னைக்கே வாம்பனோக் தலைவர் மாசசோய்ட்டும் வந்தார்.

மாசசோய்ட் ஏன் வந்தார்? இரக்கத்தினால் மட்டும் இல்லை. நோயில் அவர் மக்கள் பெரும்பாலும் அழிஞ்சுட்டாங்க. மேற்கே இருந்த நாரகன்செட் மக்களை அந்த நோய் பெருசாத் தொடல. பலம் அவங்க பக்கம். மாசசோய்ட்டுக்குத் துப்பாக்கி வச்சிருக்கிற கூட்டாளி தேவைப்பட்டது. ஆங்கிலேயர்களுக்கு உயிர் தேவைப்பட்டது. ஒருத்தரை ஒருத்தர் தாக்கக் கூடாது, தாக்கினவனை ஒப்படைக்கணும், போர் வந்தா உதவணும் என்று ஒப்பந்தம் போட்டாங்க. நடுவில் நின்னு இரண்டு பக்கமும் பேசினவர் டிஸ்குவான்டம். பழைய தமிழில் சொன்னா, துபாஷி.

அதுக்குப் பிறகு அவர் பிளைமவுத்திலேயே தங்கிட்டார். ஆங்கிலேயர்கள் கொண்டு வந்த கோதுமையும் பட்டாணியும் பொய்த்துப் போச்சு. எப்போ விதைக்கணும், ஓடையில் ஏறி வர்ற மீனைப் பிடிச்சு எப்படி உரமாப் போடணும், சேத்துக்குள்ள காலால் மிதிச்சு விலாங்கு மீனை எப்படிப் பிடிக்கணும், எல்லாம் அவர்தான் கத்துக்கொடுத்தார். அந்த இலையுதிர் காலத்தில் அறுவடை முடிஞ்சு நடந்த விருந்துக்கு மாசசோய்ட் 90 பேரோட வந்து, மூணு நாள் தங்கி, அஞ்சு மானும் கொடுத்தார். பள்ளிக்கூடக் கதை இங்கேதான் முடியும். டிஸ்குவான்டத்தின் கதை முடியல.

நடுவில் நிற்கிறவர்

இரண்டு மொழியும் நல்லாத் தெரிஞ்ச ஒரே ஆள் நீங்கன்னு வச்சுக்கோங்க. நீங்க சொல்றது சரியான்னு செக் பண்ண யாராலும் முடியாது. ஊர் இல்லை, சொந்தம் பெருசா இல்லை, படை இல்லை. கையில் இருக்கிறது அந்த மொழி மட்டும்.

டிஸ்குவான்டம் அதைப் பயன்படுத்தினார். ஆங்கிலேயர்கள் கொள்ளைநோயைத் தரைக்கடியில் புதைச்சு வச்சிருக்காங்க, நினைச்சா திறந்து விடுவாங்க, நான் சொன்னா கேட்பாங்க என்று சுத்துப்பட்டு மக்களிடம் சொல்லி வச்சார். புதைச்சிருந்தது வெடிமருந்துப் பீப்பாய்கள். பயந்தவங்க அவருக்குப் பரிசு கொடுக்க ஆரம்பிச்சாங்க. மாசசோய்ட்டை விட்டு அவர் பக்கம் சாய ஆரம்பிச்சாங்க.

1622-ல் மாசசோய்ட் தாக்க வர்றார்னு ஒரு பொய்ச் செய்தி பிளைமவுத்துக்கு வந்தது. கொண்டு வந்தவர் டிஸ்குவான்டத்தின் உறவினர். அங்கேயே வாழ்ந்த இன்னொரு வாம்பனோக் மனுஷர் ஹோபோமாக் அதை நம்பல. அவர் மனைவி நேரில் போய் விசாரிச்சு, அப்படி எதுவும் இல்லைன்னு உறுதி பண்ணினார். விஷயம் வெளியே வந்ததும் மாசசோய்ட், ஒப்பந்தப்படி டிஸ்குவான்டத்தை ஒப்படைங்கன்னு கேட்டார். தலையை வெட்ட தன்னோட கத்தியையே அனுப்பினார்.

ஆளுநர் வில்லியம் பிராட்ஃபோர்டுக்குக் கொடுத்தே ஆகவேண்டிய நிலைமை. ஆனா இந்த ஆள் போயிட்டா பிளைமவுத்துக்கு வாயே இல்லை. இழுத்தடிச்சார். அந்த நேரம் பார்த்து கடலில் ஒரு படகு தெரிஞ்சது. அது யாரோடதுன்னு தெரியாம முடிவெடுக்க மாட்டேன்னு சொல்லிட்டார். வந்த தூதர்கள் கோபத்தோட திரும்பிப் போனாங்க. டிஸ்குவான்டத்தின் தலை தப்பியது அவர் மேல் இருந்த பாசத்தால் மட்டும் இல்லை, அவர் மொழியாலும்தான்.

அதே வருஷம் நவம்பரில், சோளம் வாங்கப் போன ஒரு பயணத்தில், கேப் காட் பக்கம் அவருக்குக் காய்ச்சல் வந்தது. மூக்கில் ரத்தம் வழிஞ்சது. சில நாளில் இறந்துட்டார். விஷம் வச்சிருக்கலாம்னு சந்தேகப்படுற வரலாற்று ஆசிரியர்களும் இருக்காங்க. சாகும் முன்னாடி, ஆங்கிலேயர்களின் கடவுளிடம் தான் போய்ச்சேர வேண்டிக்கச் சொன்னதா பிராட்ஃபோர்ட் எழுதி வச்சிருக்கார்.

கவனிச்சீங்களா? அவரைப் பத்தி நமக்குத் தெரிஞ்சது எல்லாமே ஆங்கிலேயர்கள் எழுதி வச்சது. ரெண்டு பக்கத்துக்கும் பேசின மனுஷர் தனக்காகப் பேசினதா ஒரு வரி கூட மிஞ்சல. துரோகியா, தியாகியான்னு தீர்ப்பு சொல்ற முன்னாடி இதை நினைவில் வச்சுக்கோங்க.

அவர் நடுவில் நின்னு போட்ட ஒப்பந்தம் ஐம்பது வருஷத்துக்கு மேல் நின்னது. அதுக்குள்ள குடியேறிகள் பெருகினாங்க, நிலம் கை மாறியது. 1675-ல் மாசசோய்ட்டின் மகன் மெட்டகாம் தலைமையில் போர் வெடிச்சது. அடுத்த வருஷம் மெட்டகாம் கொல்லப்பட்டார். அவர் தலையை பிளைமவுத்தில் கம்பத்தில் குத்தி வச்சாங்க. பிடிபட்ட பல பூர்வகுடிகளைக் கப்பலேத்தி அடிமைகளா விற்றாங்க. தாமஸ் ஹன்ட் 1614-ல் திருட்டுத்தனமா செஞ்சதை, இப்போ அரசாங்கமே செஞ்சது.

வாம்பனோக் மக்கள் இன்னும் அங்கேதான் இருக்காங்க. 1970 முதல் ஒவ்வொரு தேங்க்ஸ்கிவிங் அன்னைக்கும் பிளைமவுத்தில் பூர்வகுடி மக்கள் கூடி அதைத் துக்க நாளா அனுசரிக்கிறாங்க. நூறு வருஷத்துக்கு மேல் பேச ஆளில்லாம இருந்த தங்கள் மொழியை, 1663-ல் அச்சான ஒரு பைபிள் மொழிபெயர்ப்பையும் பழைய நிலப் பத்திரங்களையும் வச்சு, 1990-களில் இருந்து அவங்களே மீட்டுக்கிட்டு வர்றாங்க. இப்போ அவங்க பிள்ளைகள் அதை வகுப்பில் உட்கார்ந்து படிக்கிறாங்க. டிஸ்குவான்டம் பட்டுக்செட்டில் பேசி வளர்ந்த மொழி அது.