உயிரிரக்கமே வாழ்வாகக் கொண்ட வள்ளலார்

தைப்பூசம் என்றதும் மலேசியத் தமிழர்தம் நெஞ்சில் பத்துமலையும் தண்ணீர்மலையும், காவடியும் பால்குடமும் தோன்றுவது இயல்பு. அதே தைப்பூச நன்னாளில், தமிழகத்துக் கடலூர் மாவட்டத்தைச் சேர்ந்த வடலூரில் ஏழு திரைகள் ஒன்றன்பின் ஒன்றாக விலக, பல்லாயிரவர் திரண்டு நின்று சோதி தரிசனம் காண்கின்றனர். அவ்வழிபாட்டை ஏற்படுத்தியவர், வள்ளலார் என்று உலகம் போற்றும் சிதம்பரம் இராமலிங்க சுவாமிகள். அன்னாரின் திருவருட்பாவை நம் ஆலயங்களில் பாடி மகிழ்கிறோம். ஆயினும், அப்பாடல்களுக்கு ஊற்றாய் நின்ற உயிரிரக்கம் அவர் வாழ்வில் எவ்வாறு செயலாயிற்று என்பதை நம்மில் பலர் விரிவாக அறிந்திலோம். அதனை இம்மலரின் வாயிலாக அன்பர்கள்முன் வைக்க விழைகின்றேன்.

சிதம்பரத்துக்கு வடமேற்கே உள்ள மருதூர் என்னும் சிற்றூரில், கிராமக் கணக்கராய்ப் பணியாற்றிய இராமையா பிள்ளைக்கும் சின்னம்மை அம்மையாருக்கும் ஐந்தாவது மகவாக 5.10.1823 அன்று இராமலிங்கர் தோன்றினார். பிறந்த சில மாதங்களிலேயே தந்தை இறைவனடி சேர்ந்தார். அன்னையார் பிள்ளைகளுடன் பொன்னேரி சென்று, பின்னர்ச் சென்னையில் குடியேறினார். மூத்த தமையனார் சபாபதி பிள்ளை புராணச் சொற்பொழிவால் குடும்பத்தைக் காத்து வந்தார்.

இளையவரோ பள்ளிப் படிப்பில் மனம் செலுத்தாது, கந்தகோட்டத்து முருகன் திருமுன் பாடிக்கொண்டிருந்தார். அதனால் சினந்த தமையனார், தம்பிக்கு வீட்டில் உணவிடலாகாது என்று மனைவியார்க்குக் கட்டளையிட்டார். அண்ணியார் பாப்பாத்தி அம்மையாரோ, கணவர் அறியாமல் அழைத்து உணவு பரிமாறிக் கண்ணீர் விட்டார் என்று வரலாற்று நூல்கள் கூறும். பின்னாளில் ஊரார் பசி தீர்க்க அடுப்பு மூட்டிய கை, முதன்முதலில் பசித்து நின்றது தமையனார் வீட்டு வாயிலில்தான். அண்ணியாரின் அந்த ஒரு பிடி சோறு அவர் நெஞ்சில் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது. ஒன்பதாம் வயதிலேயே தமையனாருக்குப் பதிலாக மேடையேறி, திருஞானசம்பந்தர் வரலாற்றை விரித்துரைத்துக் கேட்டோரை வியப்பில் ஆழ்த்தியதும், தம் 27ஆம் வயதில் உற்றார் வற்புறுத்தலால் தமக்கையார் மகளை மணந்தும் துறவியாகவே வாழ்ந்ததும் பலரும் அறிந்த செய்திகள்.

அவர்தம் சென்னை வாழ்வின் காலத்தில் நம் பொருளுக்கு மிகவும் இன்றியமையாதது ஒரு சிறு உரைநடை நூல். 1854ஆம் ஆண்டில் வெளிவந்த ‘மனுமுறைகண்ட வாசகம்’ என்பதே அது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் பயின்ற என் போன்றோர்க்கு மனுநீதிச் சோழன் கதை நன்கு தெரியும். இளவரசனின் தேர்க்காலில் கன்று மாண்டது, தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அசைத்தது, மன்னன் தன் மகனையே தேர்க்காலில் இட்டான் என்பதோடு பாடம் முடிந்துவிடும். வள்ளலாரின் நூலிலோ மன்னன் அவ்வளவில் அமைவதில்லை. இத்தகைய துயரம் வந்து சேரத் தான் என்ன தீவினை செய்தானோ என்று தன்னைத் தானே கேட்டுப் புலம்புகிறான். அக்கேள்விகள் ஒரு நெடும் பட்டியலாக விரிகின்றன.

அப்பட்டியலை நிதானமாகப் படிப்போர் வியப்படைவர். ஊனைத் தின்று உடலைப் பெருக்கியது குற்றமாகச் சொல்லப்படுகிறது. அதனோடு, உயிர்க்கொலை புரிவோர்க்குத் துணை நின்றதும் குற்றமாகின்றது. தாய்மடியில் பால் குடிக்க விடாமல் கன்றைக் கட்டி வைத்ததும், பறவையைத் துடிக்கத் துடிக்கக் கூண்டில் அடைத்ததும் அதில் இடம்பெறுகின்றன. குடிநீர்க் குளத்தைத் தூர்த்தல், வழிநடப்போர்க்கு நிழல் தந்த மரத்தை அழித்தல், அயலார் பயிரை நாசம் செய்தல் ஆகியனவும் உள்ளன. வேலை வாங்கிக்கொண்டு கூலியைக் குறைத்ததும் அவற்றோடு ஒன்றாக எண்ணப்படுகிறது. விலங்குக்குச் செய்யும் கொடுமை, மண்ணுக்கும் மரத்துக்கும் நீருக்கும் செய்யும் கேடு, உழைப்பாளிக்குச் செய்யும் வஞ்சகம் ஆகிய மூன்றையும் அவர் வேறு வேறு கணக்கில் எழுதவில்லை. இக்காலத்தில் சுற்றுச்சூழல் என்றும் விலங்கு நலம் என்றும் தனித்தனித் துறைகளாகப் பிரித்துப் பேசுகிறோம். 1854இல் அவை ஒரே மனச்சான்றின் கேள்விகளாக நின்றன.

1858ஆம் ஆண்டளவில் சென்னையை விட்டு நீங்கிய சுவாமிகள், சிதம்பரத்தை வழிபட்டு, வடலூருக்கு அருகிலுள்ள கருங்குழியில் வேங்கட ரெட்டியார் இல்லத்தில் தங்கினார். 1865இல் சமரச வேத சன்மார்க்க சங்கத்தை நிறுவினார். அதனை அடுத்த ஆண்டில் சென்னை மாகாணத்தின் சில பகுதிகள் பஞ்சத்தால் வாடின. வடலூர்ப் பகுதியாகிய பார்வதிபுரத்து மக்கள் 80 காணி நிலத்தை மனமுவந்து அளிக்க, 23.5.1867 அன்று அங்குச் சத்திய தருமச்சாலை தொடங்கப் பெற்றது. சாதி, சமயம், ஊர், ஒழுக்கம் எதுவும் வினவாமல் பசித்து வந்தோர்க்கெல்லாம் சோறிடுவது என்பதே அதன் விதி. கொடுத்த உணவு முழுவதும் தாவர உணவு. அத்துடன், முதியோர்க்குத் திருக்குறள் வகுப்பு நடத்தவும், தமிழ், வடமொழி, ஆங்கிலம் ஆகிய மும்மொழிப் பாடசாலை அமைக்கவும் முயன்றார்.

அச்சாலையின் நோக்கத்தை விளக்கும் நூல் ‘ஜீவகாருணிய ஒழுக்கம்’. பசியை இவ்வளவு நுணுக்கமாக எழுதிய நூல் தமிழில் வேறுண்டோ என்று எனக்குத் தெரியவில்லை. கண் ஒளியிழந்து உட்குழிவதும், செவி அடைத்துப்போவதும், நாவறட்சியும், வயிற்றில் நெருப்பெழுவதும், அறிவு கலங்கி நம்பிக்கை அழிவதும் நோயாளியின் அருகிலிருந்து குறித்ததுபோல் ஒவ்வொன்றாகக் கூறப்படுகின்றன. பசித்தது மனிதராயினும், விலங்கோ பறவையோ ஊர்வனவோ ஆயினும், வாடும் செடியே ஆயினும் அதன் பசியைப் போக்குதல் கடமை என்கிறார். அதேவேளை, தம் குடும்பத்தைப் பட்டினி போட்டுவிட்டுப் பிறர்க்கு அன்னமிடச் சொல்லவில்லை. அவரவர் தரத்துக்கேற்பச் சிக்கனமாயிருந்து மிச்சப்படுத்திக் கொடுத்தால் போதும் என்பதும், திருமணம் முதலிய விசேடங்களில் ஏழையின் பசியை முதலில் நினைக்க வேண்டும் என்பதும் அவர் கருத்து. இல்லறத்தார் செய்யக்கூடியதை அறிந்து சொன்ன பெருந்தகை அவர்!

புலால் மறுத்தலைப் பற்றி இன்றும் நம்மிடையே எழும் ஒரு கேள்வியை அந்நூல் நேராக எதிர்கொள்கிறது. செடி கொடிகளுக்கும் உயிருண்டே, அவற்றை உண்பது மட்டும் கொலையாகாதா என்பதே அக்கேள்வி. விருந்துகளில் இதனைக் கேட்டு நம்மை மடக்க முயல்வோர் பலர். வள்ளலார் தாவரத்துக்கு உயிருண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் நாம் உணவாகக் கொள்ளும் விதை, காய், கனி, இலை முதலியவற்றை எடுப்பது, உடம்பிலிருந்து நகத்தையும் மயிரையும் களைவது போன்றது. அதனால் உயிர்க்கொலையும் இல்லை, துடிக்கும் துன்பமும் இல்லை என்று விளக்குகிறார். துன்பம் எவ்வளவு என்பதே அவருக்கு அளவுகோல்.

இங்கு ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். 1944ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ‘வீகன்’ என்று பெயர் பெற்ற, தமிழில் நனிசைவம் எனப்படும் நெறி, பால், தயிர், நெய், தேன் ஆகியவற்றையும் விலக்குகிறது. வள்ளலார் பாலை விலக்கியவரல்லர். அவர் வகுத்த நித்திய ஒழுக்க விதியில் பாலுக்கு இடமுண்டு. ஆகவே அவரை இன்றைய நனிசைவர் என்று உரிமை கொண்டாடுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. எனினும், கன்றுக்குப் பாலூட்டாது கட்டி வைத்ததைப் பாவக் கணக்கில் எழுதியவரும் அவரேயன்றோ! அவர் காலத்துக் கிராமத்தில் வீட்டுத் தொழுவத்துப் பசுவும் கன்றும் கண்முன் நின்றன. கன்று குடித்ததா இல்லையா என்பது கறந்தவர்க்குத் தெரியும். இன்று பெட்டியில் அடைத்து வரும் பாலுக்குப் பின்னால் கன்று என்னவாயிற்று என்று நாம் அறிவதற்கு வழியில்லை. பால்குடம் எடுக்கும் நம் அன்பர்கள் இதனை எண்ணிப் பார்ப்பதில் தவறொன்றும் இல்லை என்பது அடியேன் கருத்து.

மற்றொன்று இதனினும் நமக்கு நெருக்கமானது. திருவருட்பாவின் ஆறாம் திருமுறையில் தம் வாழ்வை இறைவனிடம் விண்ணப்பிக்கும் சுவாமிகள், சிறுதெய்வக் கோயில்களுக்கு ஆடும் கோழியும் பலியாக இட்டுச் செல்லப்படுவதைக் கண்டு உள்ளம் நடுங்கியதைக் குறிப்பிடுகிறார். வலை, தூண்டில், கண்ணி ஆகியவற்றைக் கண்டாலே நடுக்கம் வந்தது என்கிறார். நம் முன்னோர் தோட்டங்களில் முனியாண்டிக்கும் காளிக்கும் பலியிட்டு வழிபட்டனர். காட்டிலும் பால்மரத்திலும் உயிரைப் பணயம் வைத்து உழைத்த அம்மக்களின் அச்சத்தையும் நன்றியையும் இகழ எனக்கு மனமில்லை. பலியை விட்டுப் பூசணிக்காயும் எலுமிச்சையும் கொண்டு பூசை செய்யும் ஆலயங்களும் இங்குண்டு. அவ்வாறு மாறியதால் தெய்வம் கோபித்துக் கொண்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

வள்ளலார் தம் கொள்கையை அறிவுரையோடு நிறுத்தவில்லை. கட்டடத்திலும் அமைத்துக் காட்டினார். எண்கோண வடிவில் எழுந்த சத்திய ஞானசபை 25.1.1872 தைப்பூசத்தன்று வழிபாட்டுக்குத் திறக்கப்பட்டது. கொலையையும் புலாலையும் விட்டவர்களே சபைக்குள் செல்லலாம் என்று விதித்தார். உள்ளே செல்வதற்குச் சாதியோ சமயமோ தடையன்று. உயிர்க்கொலை ஒன்றே தடை. ஆனால் தருமச்சாலையில் அந்தத் தடையும் கிடையாது. புலால் உண்பவரும் பசித்து வந்தால் சோறு உண்டு. வழிபாட்டிடத்துக்கு ஒரு விதி, பசித்தவனுக்கு வேறொரு விதி என்று அவர் வகுத்த நுட்பம், ஆலய நிருவாகத்தில் இருப்போர் ஊன்றிக் கவனிக்கத்தக்கது.

எதிர்ப்பும் இல்லாமல் இல்லை. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் அவருடைய பாடல்களை அருட்பா என்று வழங்கலாகாது என மறுத்தெழுத, அவ்வழக்கு மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது. அதன் விவரம் இங்கு வேண்டா.

1870 முதல் மேட்டுக்குப்பத்துச் சித்திவளாகத்தில் வாழ்ந்த சுவாமிகள், 1873 அக்டோபரில் அங்குச் சன்மார்க்கக் கொடியேற்றி அன்பர்களுக்கு விரிவாக உபதேசித்தார். தாம் சொல்லியவற்றை மக்கள் ஏற்று நடக்கவில்லையே என்ற ஏக்கம் இறுதிக் காலத்தில் அவருக்கு இருந்தது. தம் அறையிலிருந்த விளக்கை வெளியே வைத்து, அதனையே வழிபட்டு வருமாறு கூறி, 30.1.1874 அன்று அறைக்குள் சென்று கதவடைத்துக் கொண்டார். பின்னர் அரசு அதிகாரிகள் வந்து திறந்தபோது அறை வெறுமையாயிருந்தது என்பது மரபு. 1878இல் வெளிவந்த தென்னார்க்காடு மாவட்டக் கையேட்டிலும் அவரைப் பற்றிய குறிப்பு உண்டு.

அவர் மறைந்த இரண்டே ஆண்டுகளில் தாது வருடப் பஞ்சம் தமிழகத்தைச் சூறையாடியது. 1876 முதல் 1878 வரை இலட்சக்கணக்கானோர் மாண்டனர். பசிக்கு அஞ்சிக் கப்பலேறியோர் பலர். மலேயாவுக்கு வந்த நம் மூதாதையருள் அப்பசியின் வழித்தோன்றல்கள் இருப்பர். தருமச்சாலையில் 1867இல் மூட்டிய அடுப்பின் நெருப்பு இன்றளவும் அணையாமல் காக்கப்படுகிறது. தைப்பூசத்தன்று ஆறு காலங்களில் சோதி தரிசனம் நிகழ்கிறது. அது முடிந்த பின் மேட்டுக்குப்பத்தில் சுவாமிகள் சென்று மறைந்த அறையை அன்பர்கள் கண்டு வணங்குகின்றனர். வடலூருக்குச் செல்வோர் எவரும், ஊர் பேர் கேட்கப்படாமல், தருமச்சாலையில் அமர்ந்து உணவுண்டு வரலாம்.