அல் கபோனின் வழக்குரைஞர்கள்

சிகாகோ நகரை நடுங்க வைத்த அல் கபோனுக்கு நீண்ட சிறைத் தண்டனை கிடைத்தது கொலைக் குற்றத்துக்காக அல்ல, வருமான வரி கட்டாததற்காக என்பது பலரும் அறிந்த செய்தி. அந்தத் தண்டனையில், அவரே பணம் கொடுத்து அமர்த்திய வழக்குரைஞர்களுக்கும் பங்குண்டு என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

1899-இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில், இத்தாலியிலிருந்து குடியேறிய முடிதிருத்துநர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் கபோன். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். மதுவிலக்குக் காலத்தில் சிகாகோவின் கள்ளச்சாராயக் கும்பலுக்குத் தலைவரானபோது வயது 26. வங்கிக் கணக்கு இல்லை. தன் பெயரில் சொத்தும் வைத்துக் கொள்ளவில்லை. சட்டவிரோத வருமானத்துக்கு யார் வரி கேட்கப் போகிறார்கள் என்ற துணிவு வேறு.

அந்தத் துணிவை 1927-இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் தகர்த்தது. சல்லிவன் என்ற சாராய வியாபாரியின் வழக்கில், குற்றத்தால் வந்த வருமானத்துக்கும் கணக்குக் காட்டியாக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 1930-இல் கபோனின் அண்ணன் ரால்ஃப் வரி வழக்கில் தண்டனை பெற்றார். அந்தச் சமயத்தில்தான் கபோன் வரி வழக்குரைஞரைத் தேடினார். தாமதமான தேடல்தான்.

கிடைத்தவர் வாஷிங்டனைச் சேர்ந்த லாரன்ஸ் மேட்டிங்லி. வரித் துறையுடன் பேசிச் சமரசம் காண்பதில் பழக்கமுள்ளவர். கபோனிடம் அதிகாரப் பத்திரம் பெற்று, 1930 செப்டம்பரில் வரித் துறைக்கு ஒரு கடிதம் எழுதினார். 1926-இல் 26,000 டாலர், 1927-இல் 40,000 டாலர், அடுத்த இரண்டு ஆண்டுகளும் தலா 1 லட்சம் டாலர் என்ற அளவுக்கு மேல் வருமானம் இருந்திருக்காது என்பது அதன் சாரம். கட்சிக்காரரின் உரிமையைப் பாதிக்காது என்ற வாசகத்தையும் சேர்த்திருந்தார். வரி நிலுவையைத் தீர்க்கும் சாதாரண விவகாரமாக இருந்திருந்தால் அது நல்ல கடிதமே. ஆனால் குற்ற விசாரணை நடந்து கொண்டிருந்த வேளை அது. கபோனுக்கு வருமானம் இருந்தது என்பதை எப்படி நிரூபிப்பது என்று அதிகாரிகள் திணறிக் கொண்டிருந்தபோது, கபோன் தரப்பே அதை எழுத்தில் ஒப்புக்கொண்டது. நீதிபதி ஜேம்ஸ் வில்கர்சன் கடிதத்தைச் சான்றாக ஏற்றார். சூதாட்ட விடுதியின் கணக்கேடுகள் போன்ற வேறு ஆதாரங்களும் இருந்தன; எனினும் கடிதத்தின் கனம் தனி.

1931 அக்டோபரில் நடந்த விசாரணையில் வாதாடிய மைக்கேல் அஹெர்னும் ஆல்பர்ட் ஃபிங்கும் குற்றவியல் வழக்குரைஞர்கள். மேட்டிங்லியின் குறைக்கு நேர் எதிரானது இவர்களின் குறை. கபோன் குதிரைப் பந்தயத்தில் பெரும் பணத்தை இழந்தார் என்று பந்தயத் தரகர்களைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். பந்தய நஷ்டத்தைப் பந்தய லாபத்தில் மட்டுமே கழிக்க முடியும் என்பது அன்றைய வரிச் சட்டம். ஆக, இழப்பதற்கு அவரிடம் ஏராளமான பணம் இருந்தது என்பதைத்தான் அச்சாட்சிகள் மெய்ப்பித்தார்கள்.

தண்டனை 11 ஆண்டுகள். அதில் 10 ஆண்டுகள் 1925, 1926, 1927-ஆம் ஆண்டுகளின் வரி ஏய்ப்புக்காக. குற்றச்சாட்டு பதிவானதோ 1931 ஜூனில். வரி ஏய்ப்புக்கு மூன்றாண்டுக் கால வரம்பே பொருந்தும் என்று 1932 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் வேறொரு வழக்கில் கூறியது. கபோன் அட்லாண்டா சிறையிலிருந்து புதிய வழக்குரைஞர்கள் மூலம் அந்த வாதத்தை எழுப்பினார். விசாரணையின்போதே சொல்லியிருக்க வேண்டிய வாதம் இது என்று நீதிமன்றம் மனுவைத் தள்ளிவிட்டது.

1934-இல் அல்காட்ராஸ் தீவுச் சிறைக்கு மாற்றப்பட்ட கபோன், மேகநோயால் மனம் சிதைந்த நிலையில் 1939 நவம்பரில் விடுதலையானார். 1947 ஜனவரியில் ஃபுளோரிடாவில், மனைவியின் பெயரில் இருந்த வீட்டில் இறந்தார்.