தகுதியின் வாயில்

நுழையும்முன்

ஒருவர் எந்தக் குடியில் பிறக்கிறார் என்பது அவர் கையில் இல்லை. என்ன கற்கிறார், கற்றதை யாருக்குப் பயன்படுத்துகிறார் என்பது அவர் கையில் இருக்கிறது. பெண்களுக்குப் பள்ளிக்கூடமே எட்டாதிருந்த காலத்தில், பிறப்பைக் காட்டி மூடப்பட்ட கல்லூரிக் கதவைத் திறக்கச் செய்து, மருத்துவரானவர் முத்துலட்சுமி அம்மையார். தமக்குத் திறந்த வாயிலைப் பிறருக்கும் திறந்துவிட்ட அவருடைய வாழ்வை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பிறப்பும் சூழலும்

முத்துலட்சுமி 1886 ஆம் ஆண்டு சூலை 30 ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர் மன்னர் கல்லூரியின் முதல்வராகப் பணியாற்றிய கல்வியாளர். தாய் சந்திரம்மாள் இசை வேளாளர் மரபில் வந்தவர். அக்காலத்தில் அம்மரபுப் பெண்களுட் சிலரைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கம் இருந்தது. சந்திரம்மாளை மணந்ததனால் நாராயணசாமி ஐயரை அவருடைய உறவினர் ஒதுக்கி வைத்தனர். தந்தைவழிச் சுற்றம் விலகி நிற்க, தாய்வழிப் பிறப்பை ஊர் இழிவாகப் பேச, இரண்டுக்கும் நடுவே வளர்ந்தது அக்குழந்தை.

அவர் பிறந்த அதே 1886 ஆம் ஆண்டில், மராட்டியப் பெண்ணான ஆனந்திபாய் ஜோஷி அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் மருத்துவப் பட்டம் பெற்றார். சென்னை மருத்துவக் கல்லூரியோ 1875 ஆம் ஆண்டிலேயே பெண்களைச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியிருந்தது. ஆனால், சட்டம் திறந்து வைத்த கதவு வரைக்கும் நடந்து செல்லும் வழி எல்லாப் பெண்களுக்கும் இருக்கவில்லை. பள்ளிப் படிப்பு, தேர்வுத் தகுதி, பொருள்வசதி, குடும்பத்தின் இசைவு, ஊராரின் ஏற்பு ஆகிய ஐந்து படிகளையும் கடந்தவர்களே அவ்வாயிலை அடைய முடிந்தது.

திண்ணையில் தொடங்கிய கல்வி

நான்கு வயதில் முத்துலட்சுமி திண்ணைப் பள்ளியில் சேர்க்கப்பட்டார். பால் கணக்கும் சலவைக் கணக்கும் எழுதும் அளவிற்குத் தமிழ் அறிந்தால் ஒரு பெண்ணுக்குப் போதும் என்பது அன்றைய எண்ணம். ஆயினும் அவருடைய கூர்த்த மதியைக் கண்ட ஆசிரியர், ஆங்கிலமும் பிற பாடங்களும் கற்பித்தார்.

பருவம் எய்தியதும் பள்ளி நின்றது. தாய் மகளுக்கு மணமகன் தேடலானார். மகளோ படிப்பைத் தொடரவே விரும்பினார். தந்தை துணைநின்றார், வீடே வகுப்பறையாயிற்று. அங்குக் கற்றுக்கொண்டே 1902 ஆம் ஆண்டு மெட்ரிகுலேஷன் தேர்வில் முத்துலட்சுமி தேறினார்.

அவருடைய கல்வி நேர்க்கோட்டில் செல்லவில்லை. சில ஆண்டு பள்ளியில், சில ஆண்டு வீட்டில், இடையிடையே உடல்நலக் குறைவு என்று அது நின்றும் நடந்தும் சென்றது. வகுப்பறையில் தடையின்றி அமர்ந்து படித்த மாணவர்கள் எழுதிய அதே வினாத்தாளைத்தான் அவரும் எழுதினார். தேர்வு முடிவு இருவரையும் ஒரே அளவுகோலால் அளந்தது. அவர் கடந்துவந்த தொலைவை அது அளக்கவில்லை.

மூடிய கதவும் மன்னரின் ஆணையும்

மெட்ரிகுலேஷனுக்குப் பின் கல்லூரி. ஆடவர் மட்டுமே பயின்ற புதுக்கோட்டை மன்னர் கல்லூரிக்கு முத்துலட்சுமியின் விண்ணப்பம் சென்றது. உடனே எதிர்ப்பு எழுந்தது. ஒரு பெண் வகுப்பில் அமர்ந்தால் மாணவர்களின் ஒழுக்கம் கெடும் என்றனர். அதனினும் வலுவாக ஒலித்தது அவருடைய தாயின் மரபைப் பற்றிய பேச்சு. கல்லூரியின் முதல்வரே சேர்க்கையை ஏற்க மறுத்தார். தம் பிள்ளைகளை நிறுத்திவிடுவதாகப் பெற்றோர் சிலர் அச்சுறுத்தினர். மாணவியின் தேர்ச்சியைப் பற்றி யாரும் குறை கூறவில்லை. பெண் என்பதும் இன்னார் மகள் என்பதுமே குறைகளாகக் காட்டப்பட்டன.

புதுக்கோட்டையை ஆண்ட மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இவ்வெதிர்ப்புகளைப் புறந்தள்ளினார். முத்துலட்சுமியைக் கல்லூரியில் சேர்க்குமாறு ஆணையிட்டதோடு, உதவித்தொகையும் வழங்கினார். 1904 ஆம் ஆண்டு அவர் மன்னர் கல்லூரியின் மாணவியானார். மூடுவண்டியில் கல்லூரிக்குச் சென்றார். வகுப்பில் மாணவர்களுக்கும் அவருக்கும் இடையே திரை தொங்கியது. திரைக்கு இப்பால் அமர்ந்து அவர் கேட்ட பாடங்களே பின்னர்ச் சென்னைக்கு வழிகாட்டின.

மருத்துவம் நாடிய உள்ளம்

கல்லூரிப் படிப்பு முடிந்ததும் மகள் ஆசிரியப் பணிக்குச் செல்லலாம் எனத் தந்தை கருதினார். அன்றைய நிலையில் படித்த பெண்ணுக்கு அதுவே பாதுகாப்பான வழியாகத் தோன்றியது. முத்துலட்சுமியின் உள்ளமோ மருத்துவத்தை நாடியது. பிள்ளைப்பேற்றின்போது பெண்கள் உயிரிழப்பது அக்காலத்தில் பரவலாக இருந்தது. ஆண் மருத்துவரிடம் நோயைச் சொல்லக் கூசிய பெண்கள் நோய் முற்றும்வரை வாய் திறவாதிருந்தனர். இந்நிலையில் ஒரு பெண் மருத்துவர் ஓர் ஊருக்கே துணையாவார்.

1907 ஆம் ஆண்டு அவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். மென்மையான உடல், ஊர் புதிது, பாடம் கடினம். ஆயினும் அங்கே அளவுகோல் தேர்வுத்தாளாக இருந்தது. பெண்களைத் தம் வகுப்பில் ஏற்கத் தயங்கிய அறுவை மருத்துவப் பேராசிரியரும், அப்பாடத்தில் அவர் பெற்ற உயர்ந்த மதிப்பெண்ணைக் கண்டு மனம் மாறினார். பரிசுகளும் பதக்கங்களும் பெற்று 1912 ஆம் ஆண்டு முத்துலட்சுமி மருத்துவப் பட்டம் பெற்றார். சென்னை அரசு மகளிர், குழந்தைகள் மருத்துவமனையின் முதல் பெண் உறைவிட மருத்துவராகப் பணியேற்றார்.

மாணவப் பருவத்திலேயே அவருடைய பார்வை மருத்துவமனைச் சுவர்களைக் கடந்து விரிந்தது. மருத்துவர் நஞ்சுண்டராவின் இல்லத்தில் கவிஞர் சரோஜினியைச் சந்தித்து நட்புக் கொண்டார். 1914 ஆம் ஆண்டு மருத்துவர் சுந்தர ரெட்டியை மணந்தார். மனைவியைத் தமக்கு நிகராக மதிப்பதாகவும், அவருடைய விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்பதில்லை என்றும் சுந்தர ரெட்டி உறுதியளித்த பின்னரே அத்திருமணம் நடந்தேறியது.

சட்டமன்றத்தில் மருத்துவர்

1925 ஆம் ஆண்டு அரசு உதவியுடன் மேற்பயிற்சிக்காக முத்துலட்சுமி இங்கிலாந்து சென்றார். நாடு திரும்பியதும் சென்னை மாகாணச் சட்டமன்ற மேலவைக்கு நியமிக்கப்பட்டு, அதன் முதல் பெண் உறுப்பினரானார். 1927 ஆம் ஆண்டு அவையின் துணைத்தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க அவர் எடுத்த முயற்சி அவருடைய பொதுவாழ்வின் உயிர்நாடி எனலாம். அவ்வழக்கம் கலையையும் சமயத்தையும் காப்பது என்று வாதிட்டவர் பலர். சிறுமியரின் வாழ்வை அழித்து எக்கலையும் வளர வேண்டியதில்லை என்பது அவருடைய நிலைப்பாடு. கோயில் பணிக்கென விடப்பட்ட மானிய நிலங்களால் அப்பெண்கள் கட்டுண்டிருந்ததை அவர் அறிந்திருந்தார். ஆகவே, பணிக்கட்டினின்று நிலத்தை விடுவித்து அவர்களுக்கே உரிமையாக்கும் சட்டத்திருத்தம் 1929 ஆம் ஆண்டு நிறைவேற வழிவகுத்தார். நோயின் வேரறிந்து மருந்து கொடுக்கும் மருத்துவரின் அணுகுமுறை இதில் புலப்படுகிறது. பொட்டுக்கட்டுதலை முற்றாகத் தடைசெய்யும் சட்டம் 1947 ஆம் ஆண்டு நிறைவேறியது.

1930 ஆம் ஆண்டு காந்தியடிகள் கைது செய்யப்பட்டதைக் கண்டித்து அவர் தம் சட்டமன்றப் பொறுப்பைத் துறந்தார்.

திறந்த இல்லம்

பொட்டுக்கட்டு வழக்கத்திலிருந்து விடுபட்டுப் படிக்க விரும்பிய சிறுமியர் சிலர் தங்க இடமின்றித் தவித்தனர். நகரின் மாணவியர் விடுதிகள் அவர்களை ஏற்கவில்லை. புதுக்கோட்டையில் தமக்கு எதிராகச் சொல்லப்பட்ட அதே காரணம் கால் நூற்றாண்டுக்குப் பின்னும் உயிரோடிருப்பதை முத்துலட்சுமி கண்டார். அச்சிறுமியரைத் தம் இல்லத்தில் தங்கவைத்துப் படிக்கச் செய்தார். இவ்வாறு தோன்றியதே ஒளவை இல்லம். பின்னர் அது அடையாற்றில் நிலைபெற்று, ஆதரவற்ற பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் கல்வியும் தொழிற்பயிற்சியும் வழங்கும் நிறுவனமாக வளர்ந்தது.

அவருடைய தங்கை புற்றுநோயால் இறந்தார். மருத்துவராக இருந்தும் உடன்பிறந்தவரைக் காக்க இயலாத துயரம் அவரை வாட்டியது. புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டும் என்று பல்லாண்டுகள் அவர் நிதி திரட்டினார். 1952 ஆம் ஆண்டு தலைமை அமைச்சர் ஜவகர்லால் நேரு அடிக்கல் நாட்ட, 1954 ஆம் ஆண்டு அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளுடன் செயற்படத் தொடங்கியது. அவருடைய மகன் மருத்துவர் கிருஷ்ணமூர்த்தியும், மருத்துவர் வி. சாந்தாவும் அதனைப் பேணி வளர்த்தனர். இந்திய அரசு 1956 ஆம் ஆண்டு முத்துலட்சுமிக்குப் பத்மபூஷண் விருது வழங்கிச் சிறப்பித்தது. 1968 ஆம் ஆண்டு சூலை 22 ஆம் நாள் அவர் மறைந்தார்.

இன்றைய வாயில்

முத்துலட்சுமிக்குக் கல்லூரிக் கதவு ஒரு மன்னரின் நல்லெண்ணத்தால் திறந்தது. அம்மன்னர் மறுத்திருந்தால் ஒரு மருத்துவரை நாடு இழந்திருக்கும். தனிமனிதரின் கருணையை நம்பியிராமல், சட்டத்தின் வழியே வாய்ப்புக் கிடைப்பதே உறுதியான நீதியாகும். தமிழ்நாட்டில் 2020 ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டம், 6 ஆம் வகுப்பு முதல் 12 ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்று நீட் தேர்வில் தகுதி பெற்ற மாணவர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வழங்குகிறது. மாங்காட்டிலோ பூந்தமல்லியிலோ ஆவடியிலோ அரசுப் பள்ளியில் பயிலும் ஒரு கூலித் தொழிலாளியின் மகள், இன்று யாருடைய தனி ஆணையையும் எதிர்பாராமல் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாம். மதிப்பெண் ஏறியும் இறங்கியும் வந்திருக்கலாம். வீட்டில் படிக்க இடமில்லாதிருக்கலாம். நின்று நின்று நடந்த கல்வியும் நெடுந்தொலைவு செல்லும் என்பதற்கு முத்துலட்சுமியின் வாழ்வு சான்று. உள்ளே நுழைந்தவர் தம் பின்னால் கதவைச் சாத்திக்கொள்ளலாகாது என்பதும் அவ்வாழ்வு கற்பிக்கும் பாடமே.

தெரிந்து தெளிவோம்

முத்துலட்சுமி அம்மையாரின் பிறந்தநாளான சூலை 30 ஐத் தமிழ்நாடு அரசு மருத்துவமனை நாளாகக் கொண்டாடுகிறது. ஏழைக் கருவுற்ற பெண்களுக்கு நிதியுதவி வழங்கும் மகப்பேறு உதவித் திட்டம் அவர் பெயரால் வழங்குகிறது.

கற்பவை கற்றபின்

1. முத்துலட்சுமியின் கல்லூரிச் சேர்க்கைக்கு எதிராகக் கூறப்பட்ட காரணங்களைத் தொகுத்து, அவை ஏற்கத்தக்கனவா என வகுப்பில் கலந்துரையாடுக.

2. உங்கள் பகுதியில் முதல் தலைமுறையாக உயர்கல்வி பெற்ற ஒருவரைச் சந்தித்து, அவர் கடந்துவந்த தடைகளைக் கட்டுரையாக எழுதுக.