குதிரை ஏலக்காரர் டாட்டர்சால்

ஒரு தரம்... இரண்டு தரம்... மூன்று தரம்! ஏலம் விடும் இடங்களில் இந்தக் குரலைக் கேட்டிருப்பீர்கள். இங்கிலாந்தில் மூன்றாவது தரத்துக்குப் பதிலாகச் சிறிய சுத்தியலால் மேஜையில் ஒரு தட்டு தட்டுவார்கள். சுத்தியல் விழுந்துவிட்டால் பேரம் முடிந்தது. அப்புறம் யாரும் பின்வாங்க முடியாது. அப்படிச் சுத்தியல் தட்டியே நாடு முழுவதும் பெயர் வாங்கியவர் ரிச்சர்டு டாட்டர்சால். அவர் ஏலம் விட்டது குதிரைகளை!

1724ஆம் ஆண்டு ஜூன் மாதம், இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் ஹர்ஸ்ட்வுட் என்ற சிற்றூர்க் குடும்பத்தில் பிறந்தார் ரிச்சர்டு. பக்கத்து ஊரான பர்ன்லியில் இருந்த இலக்கணப் பள்ளியில் படித்தார். படிப்பைவிடக் குதிரைகள் மேல்தான் பையனுக்கு ஆசை அதிகம்.

அவருக்கு 21 வயதாகும்போது நாட்டில் பெரிய கலகம் மூண்டது. சார்லஸ் எட்வர்டு ஸ்டூவர்ட் என்ற இளவரசர், தன் குடும்பம் இழந்த சிம்மாசனத்தை மீட்கப் படை திரட்டி ஸ்காட்லாந்திலிருந்து இறங்கி வந்தார். அந்தப் படை லங்காஷயர் வழியாகத்தான் போனது. ரிச்சர்டும் அதில் சேரத் துடித்தாராம். அப்பா கூடவே கூடாது என்று தடுத்துவிட்டார். கோபித்துக்கொண்ட மகன் வீட்டை விட்டு லண்டனுக்குக் கிளம்பிவிட்டார் என்று சொல்வார்கள். அடுத்த ஆண்டே, 1746இல், கலோடன் போரில் இளவரசரின் படை நொறுங்கிப்போனது. பிடிபட்டவர்களில் பலர் தூக்கிலிடப்பட்டார்கள். அப்பாவின் பேச்சு மகனின் உயிரைக் காப்பாற்றியது என்றே சொல்லவேண்டும்.

லண்டனில் அவர் கால்கள் தாமாகவே குதிரை விற்கும் இடங்களைத் தேடிப் போயின. சில காலத்தில் கிங்ஸ்டன் பிரபுவிடம் வேலை கிடைத்தது. பிரபு வளர்த்த உயர்ந்த ஜாதிக் குதிரைகளைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு அது. எந்தக் குதிரைக்கு எந்தக் குதிரை தாய், எது தகப்பன், எந்தக் காலில் பலம், எந்தக் காலில் குறை... எல்லாம் அவருக்கு அத்துப்படியானது.

அந்த நாளில் காரும் இல்லை, ரயிலும் இல்லை. ஊருக்குப் போக, வண்டி இழுக்க, போருக்குப் போக எல்லாவற்றுக்கும் குதிரைதான். அதனால் குதிரை வியாபாரம் கொழித்தது. கூடவே மோசடியும் கொழித்தது!

குதிரையின் வயதைப் பல்லைப் பார்த்துச் சொல்வார்கள். இளம் குதிரையின் முன்பற்களில் கறுப்பாகச் சிறு குழிகள் இருக்கும். வயது ஏற ஏற, பல் தேய்ந்து அந்தக் குழிகள் மறைந்துவிடும். ஏமாற்றுக்காரர்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? கிழட்டுக் குதிரையின் பல்லை அராவி, புதிதாகக் குழி தோண்டி, சூட்டுக்கோலால் கறுப்பாக்கிவிடுவார்கள். ஒரு கால் நொண்டியா? மற்ற காலிலும் வலி உண்டாக்கிவிட்டால் நடை சமமாகிவிடும்! சோம்பிக் கிடக்கும் குதிரையின் வாலடியில் இஞ்சியைத் தேய்ப்பார்கள். எரிச்சலில் அது வாலைத் தூக்கிக்கொண்டு துள்ளும். பாவம், வாங்குகிறவர் நல்ல சுறுசுறுப்பான குதிரை என்று நினைத்துக்கொள்வார். வீட்டுக்குப் போன பிறகுதான் குட்டு வெளிப்படும்.

இப்படிப்பட்ட தொழிலில்தான் ரிச்சர்டு இறங்கினார். 1766ஆம் ஆண்டு, லண்டனின் ஹைட் பார்க் முனையில் குரோவ்னர் பிரபுவுக்குச் சொந்தமான இடத்தை 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தார். இன்று அது நகரின் நடுப்பகுதி. அன்றோ ஊரின் ஓரம். அங்கே லாயங்கள் கட்டி ஏலக்கூடம் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 42. குதிரைகளோடு வண்டிகளும் வேட்டை நாய்களும்கூட அங்கே ஏலத்துக்கு வந்தன.

ஏலக்காரரின் வேலை சுலபமானதில்லை. குதிரை அவருடையது அல்ல. பணமும் அவருடையது அல்ல. விற்பவருக்கு விலை கூட வேண்டும், வாங்குபவருக்குக் குறைய வேண்டும். இருவருக்கும் நடுவில் நின்று, இருவரும் நம்பும்படி நடக்கவேண்டும். யாராவது ஒருவரோடு ரகசியமாகக் கைகோத்துக்கொண்டால் நிறையச் சம்பாதிக்கலாம். ஆனால் ரிச்சர்டு அந்தப் பக்கமே போகவில்லை. அவர் கையில் கொடுத்தால் கணக்குச் சுத்தமாக இருக்கும் என்று பேர் ஆயிற்று. பிரபுக்களும் சீமான்களும் தங்கள் குதிரைகளை அவரிடம் அனுப்பத் தொடங்கினார்கள்.

ஏலத்தில் விலையைக் கினி என்ற நாணயத்தில் கூறுவது வழக்கம். ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங். ஒரு கினிக்கு 21 ஷில்லிங். வாங்குபவர் கினியாகக் கொடுப்பார், விற்பவர் பவுண்டாகப் பெறுவார், இடையில் உள்ள ஒரு ஷில்லிங் ஏலக்காரருக்கு என்பது அந்தக் கால ஏற்பாடு. ஒரு குதிரை 100 கினிக்குப் போனால் ஏலக்காரருக்கு எத்தனை பவுண்டு? கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 பவுண்டு!

ரிச்சர்டின் வாழ்க்கையில் மிகப் பெரிய துணிச்சல் 1779இல் நடந்தது. ஹைஃபிளையர் என்று ஒரு பந்தயக் குதிரை இருந்தது. 1774இல் பிறந்தது. ஓடிய பந்தயம் ஒன்றில்கூடத் தோற்றதே இல்லை! அது தரோபிரெட் என்ற உயர்ந்த வம்சத்தைச் சேர்ந்தது. கீழை நாடுகளிலிருந்து இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்ட மூன்று ஆண் குதிரைகளின் வழிவந்த வம்சம் அது. ஹைஃபிளையரின் சொந்தக்காரரான போலிங்புரோக் பிரபு சூதாட்டத்தில் பணத்தை வாரி இறைப்பவர். கடன் கழுத்தை நெரித்தது. குதிரையை விற்க முன்வந்தார்.

விலை 2,500 பவுண்டு. ஒரு கூலித் தொழிலாளி ஆண்டு முழுவதும் மாடாக உழைத்தாலும் 20, 25 பவுண்டு கிடைப்பதே பெரிய காரியமாக இருந்த காலம் அது. எத்தனையோ பேருடைய குதிரைகளை விற்றுக்கொடுத்த ரிச்சர்டு, தாமே அந்தக் குதிரையை வாங்கினார். பந்தயத்தில் ஓட்டுவதற்காக அல்ல, குட்டிகளுக்குத் தகப்பனாக்க. தகப்பன் நன்றாக ஓடியதால் குட்டியும் ஓடும் என்று யார் உறுதி சொல்ல முடியும்? குட்டிகள் சோடையாகப் போயிருந்தால் அவ்வளவு பணமும் தண்ணீரில் போட்ட மாதிரிதான்.

ஆனால் குட்டிகள் காற்றாகப் பறந்தன. புகழ்பெற்ற டெர்பி பந்தயத்தில் 1786இல் நோபிள், 1787இல் சர் பீட்டர் டீசில், 1789இல் ஸ்கைஸ்கிரேப்பர் என்று ஹைஃபிளையரின் பிள்ளைகள் மூன்று முறை ஜெயித்தன. இதில் சர் பீட்டர் டீசில் யாருடைய குதிரை தெரியுமா? டெர்பி பிரபுவுடையது. அந்தப் பந்தயத்துக்கே அவர் பெயரைத்தான் வைத்திருந்தார்கள்!

தங்கள் பெண் குதிரைகளை ஹைஃபிளையரிடம் கொண்டுவரக் குதிரைக்காரர்கள் போட்டி போட்டார்கள். பணம் கொட்டியது. ஈலி நகருக்குப் பக்கத்தில் ஒரு மாளிகை கட்டி, அதற்கு ஹைஃபிளையர் ஹால் என்று குதிரையின் பெயரையே சூட்டினார் ரிச்சர்டு. பிற்பாடு நான்காம் ஜார்ஜ் மன்னரான வேல்ஸ் இளவரசர்கூட அங்கே விருந்துக்கு வருவார். இருவரும் சேர்ந்து மார்னிங் போஸ்ட் என்ற செய்தித்தாளில் பங்கும் வைத்திருந்தார்கள்.

தாமஸ் பீச் என்ற ஓவியர் ரிச்சர்டைப் படமாக வரைந்தார். அதில் அவர் கை குதிரை வம்ச ஏட்டின் மேல் இருக்கிறது. கூடவே ஹைஃபிளையரை விற்பதாக இல்லை என்று பொருள்படும் எழுத்தும் இருக்கிறது. ஊரார் குதிரைகளுக்கெல்லாம் விலை கூறியவர், இந்த ஒன்றுக்கு மட்டும் விலை கூற மறுத்துவிட்டார்!

ஹைட் பார்க் ஏலக்கூடத்தில் ஜாக்கி கிளப் உறுப்பினர்களுக்காக அவர் இரண்டு அறைகள் ஒதுக்கியிருந்தார். நாளடைவில் பந்தயத்தில் பணம் கட்டுகிறவர்களின் தலைமையிடமாக அது மாறிவிட்டது. பல பிரபுக்கள் சொத்தை இழந்து போண்டியாவதற்கு இந்த அறைகளும் ஒரு காரணம். ரிச்சர்டின் கதையில் அவ்வளவாகப் பாராட்ட முடியாத பகுதி இதுதான்.

1793இல், 19 வயதில் ஹைஃபிளையர் இறந்தது. அதற்குக் கல்வெட்டு எழுதினார்கள். இந்தக் குதிரையாலும் அதன் பிள்ளைகளாலும்தான் டாட்டர்சால் செல்வந்தரானார். அதை ஒப்புக்கொள்ள அவர் வெட்கப்படவில்லை என்ற கருத்து அதில் இருந்தது. 1795 பிப்ரவரி 21ஆம் தேதி, 70ஆவது வயதில் ரிச்சர்டும் காலமானார்.

மகன் எட்மண்டு தொழிலை ஏற்றார். அவருக்குப் பின் பேரன், கொள்ளுப்பேரன் என்று தொடர்ந்து, 1942இல் சோமர்வில் டாட்டர்சால் இறக்கும்வரை அந்தக் குடும்பத்தார் ஏலக்கூடத்தில் இருந்தார்கள். 99 ஆண்டுக் குத்தகை 1865இல் முடிந்ததும் ஏலக்கூடம் நைட்ஸ்பிரிட்ஜுக்கு மாறியது. இப்போது நியூமார்க்கெட் நகரில் நடக்கிறது.

கட்டம் போட்ட ஒரு வகைச் சட்டைத் துணிக்கு டாட்டர்சால் கட்டம் என்று ஒரு பெயர் உண்டு. அந்தக் கூடத்தில் விற்ற குதிரைப் போர்வைகளில் இருந்த கட்டம்தான் அது. பழைய முற்றத்தில் இருந்த நரிச் சிலையும், அதன் மேலிருந்த இளவரசரின் மார்பளவுச் சிலையும் நியூமார்க்கெட்டில் பத்திரமாக இருக்கின்றன. கினி நாணயம் அச்சடிப்பது 1814ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. ஆனால் நியூமார்க்கெட்டில் நடக்கும் டாட்டர்சால் ஏலத்தில் இன்றும் குதிரைக்கு விலை கூறுவது கினியில்தான்!